பசங்களை வெளியே அனுப்பாமல் ஒரு சுகாதார வகுப்பு: பள்ளியில் கேட்டு வாங்குவது எப்படி

நான் பத்தாவது படித்தபோது ஒருநாள் மதியம் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இருந்து நர்ஸ் அக்கா வந்தார். "பசங்க எல்லாம் கிரவுண்டுக்குப் போங்க" என்றார் டீச்சர். மாடி ஹாலில் பெண் பிள்ளைகள் எங்களை மட்டும் உட்காரவைத்து ஜன்னலைச் சாத்தினார்கள். நாற்பது நிமிடம் மாதவிடாய், ரத்தசோகை, சுத்தம் என்று பேச்சு ஓடியது. நல்ல வகுப்புதான், குறை சொல்ல மாட்டேன்.

என் பக்கத்தில் இருந்த தோழிக்குக் காது கேட்காது. வாயசைவைப் பார்த்துத்தான் பாடம் புரிந்துகொள்வாள். கொரோனா பழக்கம் விடாமல் அன்றைக்கு நர்ஸ் அக்கா மாஸ்க் போட்டிருந்தார். நாங்கள் சிரித்த இடத்தில் எல்லாம் அவளும் சிரித்தாள். முடிந்ததும் நோட்டில் எழுதிக் காட்டினாள்: "என்ன சொன்னாங்க?" நான் பதில் எழுதினேன்: "ஒண்ணுமில்ல, வழக்கமானதுதான்."

அந்தப் பதிலுக்காக இன்றைக்கும் என்னை நானே திட்டிக்கொள்கிறேன்.

நடப்பதற்காகக் காலில் காலிப்பர் என்ற தாங்கி மாட்டிய இன்னொருத்தி, மாடிப்படி ஏற முடியாமல் கீழே எங்கள் பைகளுக்குக் காவல் இருந்தாள். பார்வை குறைந்த ஒரு பையன், மற்ற பசங்க கபடி ஆட, வேப்பமரத்தடியில் சும்மா உட்கார்ந்திருந்தான். இதெல்லாம் என் கண்ணில் பட ஒரு வருடம் ஆனது. பதினொன்றாவதில் ஐந்து பேர் சேர்ந்து இதை மாற்றக் கேட்டோம். சிலது கிடைத்தது, சிலது கிடைக்கவில்லை. இப்போது நான் செவிலியர் படிப்பில் இரண்டாம் ஆண்டு. ஊர், அருப்புக்கோட்டைப் பக்கம். பள்ளியின் பெயர் வேண்டாம். உங்கள் பள்ளியில் இதைச் செய்ய நினைத்தால், நாங்கள் தடுக்கி விழுந்த இடங்களையாவது தெரிந்துகொள்ளுங்கள்.

முதலில் ஒரு நோட்டு

மனு எழுத உடனே உட்காராதீர்கள். ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி, இரண்டு வாரம் பாருங்கள். காலைக் கூட்டத்தில் சொல்லும் அறிவிப்பு யாருக்குப் போய்ச் சேரவில்லை? இரும்புச்சத்து மாத்திரை கொடுக்கும் நாளில் யார் வாங்காமல் நழுவுகிறார்கள்? எந்தக் கழிப்பறையில் தண்ணீர் வருகிறது, எதில் தாழ்ப்பாள் இல்லை? தேதி போட்டு எழுதுங்கள். யார் பெயரும் வேண்டாம். "ஒன்பதாம் வகுப்பு, ஒருவர்" என்றால் போதும்.

பிறகு ஒரு பழைய செருப்பு டப்பாவில் ஓட்டை போட்டு, சீட்டுப் பெட்டி ஆக்கினோம். "உடம்பைப் பத்தி யார்கிட்டயும் கேட்க முடியாத கேள்வியைப் பேர் போடாம எழுதிப் போடுங்க" என்று ஒட்டினோம். அரசுப் பள்ளிகளில் 'மாணவர் மனசு' என்று ஒரு பெட்டி இருக்குமே, அது புகாருக்கு. இது கேள்விக்கு. இரண்டையும் கலக்க வேண்டாம்.

பெண்கள்தான் நிறைய எழுதுவார்கள் என்று நினைத்திருந்தோம். பாதிக்கு மேல் பசங்களின் சீட்டு. "ராத்திரி தூக்கத்துல வர்றது நோயா?" "எனக்கு மட்டும் ஏன் இன்னும் மீசை வரல?" "நீல மாத்திரை சாப்பிட்டா பின்னாடி குழந்தை பிறக்காதாமே?"

இந்தக் கடைசிக் கேள்வி மட்டும் நாலு சீட்டில் இருந்தது. வாரம் ஒருமுறை தரும் அந்த நீல மாத்திரையில் இருப்பது 60 மில்லிகிராம் இரும்புச்சத்தும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும்தான். சாப்பிட்ட பிறகு போட வேண்டும். வெறும் வயிற்றில் போட்டால் குமட்டும். மறுநாள் மலம் கருப்பாகப் போகலாம், பயப்பட ஒன்றும் இல்லை. இதை யாரும் சொல்லாததால் பசங்க மாத்திரையை ஜன்னல் வழியாக வீசிக்கொண்டிருந்தார்கள். 2019-21 தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, நாட்டில் 15 முதல் 19 வயதுப் பெண்களில் 59.1 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. அதே வயது ஆண்களில் 31.1 சதவீதம். அதாவது கிரவுண்டுக்கு அனுப்பப்பட்டவர்களில் கிட்டத்தட்ட மூன்றில் ஒருவனுக்கு அந்த வகுப்பு தேவைப்பட்டிருக்கிறது. எங்கள் மனுவுக்கு முதுகெலும்பே இந்த எண்தான்.

ஒரு எச்சரிக்கை. பெட்டி வைத்தால் பயமுறுத்தும் சீட்டும் வரும். யாரோ தொடுகிறார்கள், மிரட்டுகிறார்கள் என்று எழுதியிருந்தால் நீங்கள் துப்பறிய வேண்டாம், நண்பர்களுக்குள் சுற்றுக்கு விடவும் வேண்டாம். பெட்டி வைக்கும் முன்பே நம்பிக்கையான ஒரு ஆசிரியரிடம் பேசிவைத்து, அப்படிச் சீட்டு வந்தால் நேராக அவரிடம் கொடுங்கள். 1098 குழந்தைகள் உதவி எண், 14417 கல்வித் துறையின் உதவி எண். இரண்டையும் பெட்டியின் மேலேயே எழுதி வையுங்கள். "யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்" என்று மட்டும் சத்தியம் செய்யாதீர்கள். பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களில் இருந்து காக்கும் போக்சோ சட்டப்படி, அப்படி ஒன்று தெரியவந்தவர் புகார் தெரிவித்தே ஆக வேண்டும்.

கேட்காமல் முடிவு செய்த கதை

காது கேட்காத தோழிக்கு என்ன வேண்டும் என்று நானே தீர்மானித்துவிட்டேன். மேடையில் ஒருவர் நின்று சைகையில் மொழிபெயர்க்க வேண்டும், அதுதான் மரியாதை, அதுதான் உரிமை என்று மனுவில் முதல் கோரிக்கையாக எழுதினேன். அவளிடம் பெருமையாகக் காட்டியபோது முகம் சுருங்கிவிட்டது. நோட்டை வாங்கி எழுதினாள்: "எல்லாரும் என்னைத்தான் பாப்பாங்க. நாப்கின் பத்தி பேசும்போது. வேணாம்."

அவள் கேட்டது நாலு விஷயம். பேசப்போவதை முந்தின நாளே எழுதித் தர வேண்டும். பேசுபவர் மாஸ்க் இல்லாமல், வெளிச்சம் முகத்தில் விழும் பக்கம் நிற்க வேண்டும். போர்டைப் பார்த்துக்கொண்டு பேசக் கூடாது. சந்தேகம் கேட்க, சைகை தெரிந்த ஒருவர் தனியாகப் பத்து நிமிடம் வேண்டும். இன்னொரு பள்ளியில் படிக்கும் காது கேளாத மாணவி மொழிபெயர்ப்பாளர்தான் வேண்டும் என்று சொல்லலாம். அதனால்தான் சொல்கிறேன், கேளுங்கள்.

பார்வை குறைந்த பையனிடம் "பிரெயிலில் அச்சடிக்கச் சொல்லட்டுமா?" என்றேன். சிரித்தான். "வாய்ஸ் நோட் அனுப்புக்கா, நான் ரெண்டு மடங்கு வேகத்துல கேட்டுப்பேன்." செலவே இல்லாத வழி!

"உனக்கு என்ன கஷ்டம்?" என்று கேட்டால் யாராக இருந்தாலும் "ஒண்ணுமில்ல" என்றுதான் சொல்வார்கள். நான் பிறகு மாற்றிக் கேட்டேன்: "போன தடவை அந்த வகுப்புல உனக்கு என்ன தெரிய வந்துச்சு?" அதற்கு வந்த மௌனத்தில் எல்லாம் இருந்தது.

யாரிடம் எதைக் கேட்பது

எங்கள் முதல் மனுவில் 14 கோரிக்கைகள். நாப்கின், சாய்தளம், கவுன்சலர், கழிப்பறைத் தண்ணீர், சத்துணவில் கீரை எல்லாவற்றையும் தலைமையாசிரியரிடம் கொட்டினோம். "ஏன் இதுவரை செய்யவில்லை?" என்று வேறு முடித்திருந்தோம். அவர் கேட்ட ஒரே கேள்வி: "இதை யார் எழுதிக் கொடுத்தது?" மனு மேசை டிராயருக்குள் போனது. மூன்று வாரம் போச்சு.

உண்மையில் அந்த 14-இல் அவர் கையில் இருந்தது நாலைந்துதான். எந்த வகுப்பறை, எந்தப் பீரியட், பசங்களைச் சேர்ப்பதா இல்லையா, முந்தின நாள் தாள் கொடுப்பதா — இவற்றுக்கு அவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும். பெண் பிள்ளைகளுக்கு நாப்கின் தர புதுயுகம் என்று ஒரு திட்டம் இருக்கிறது. அது சுகாதாரத் துறை வழியாக வருவது. இரண்டு மாதத்துக்கு மூன்று பாக்கெட், பாக்கெட்டுக்கு ஆறு என்பது அதன் கணக்கு. வரவில்லை என்றால் ஆரம்ப சுகாதார நிலையத்தைத்தான் கேட்க வேண்டும். கண், காது, பல், ரத்தசோகை எல்லாம் பார்க்க வண்டியில் ஒரு மருத்துவக் குழு வருடம் ஒருமுறை பள்ளிக்கு வருமே, அதுவும் அங்கிருந்துதான்.

நாங்கள் கண்டுபிடித்த பெரிய புதையல், வட்டார வள மையம். பி.ஆர்.சி. என்பார்கள். மாற்றுத்திறன் மாணவர்களுக்கான சிறப்பாசிரியர்கள் அங்கே இருக்கிறார்கள். பள்ளிகளுக்குச் சுற்றி வருவதே அவர்கள் வேலை. எங்கள் தோழிக்குச் சைகையில் விளக்கிய டீச்சர் அங்கிருந்து வந்தவர்தான். இத்தனை நாள் அவர் கையெழுத்துப் போட வருவதைப் பார்த்திருக்கிறோம், யார் என்று கேட்டதில்லை. இந்திய சைகை மொழிக்கு மத்திய அரசு நிறுவனம் வெளியிட்ட அகராதி ஒன்று இருக்கிறது. 2021-இல் வந்த மூன்றாம் பதிப்பில் 10,000 சொற்கள், எல்லாம் காணொளியாக. அந்த டீச்சர் அதைப் பார்த்துவிட்டு வந்தார். ஆனால் 'மாதவிடாய்'க்கு என் தோழியும் அவள் பழைய பள்ளிப் பிள்ளைகளும் வேறு சைகை வைத்திருந்தார்கள். டீச்சர் அதையே பிடித்துக்கொண்டார்.

மனு எப்படி இருக்க வேண்டும்

ஒரு பக்கம். மூன்று கோரிக்கை. அதில் ஒன்றாவது பைசா செலவில்லாமல் நாளைக்கே செய்யக்கூடியதாக இருக்கட்டும். எங்கள் இரண்டாவது மனு ஏறக்குறைய இப்படி:

"மதிப்பிற்குரிய ஐயா, 

பொருள்: சுகாதார வகுப்பில் எல்லா மாணவர்களும் பங்கேற்க வேண்டுதல்.

சென்ற ஆண்டு நடந்த சுகாதார வகுப்பு எங்களுக்குப் பயனுள்ளதாக இருந்தது. மாடியில் நடந்ததாலும், மாணவர்கள் அழைக்கப்படாததாலும் சிலர் கலந்துகொள்ள முடியவில்லை. இந்த ஆண்டு வகுப்பைத் தரைத்தளத்தில் நடத்தவும், ரத்தசோகை, உணவு, வளரிளம் பருவ மாற்றம் ஆகிய பகுதிகளுக்கு மாணவர்களையும் சேர்க்கவும், பேசும் குறிப்பை ஒருநாள் முன்பு எங்களுக்குத் தரவும் வேண்டுகிறோம். நாற்காலி போடுவது, குறிப்பைப் படியெடுப்பது, குரல் பதிவு செய்வது ஆகியவற்றை நாங்களே பார்த்துக்கொள்கிறோம். 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 16-வது பிரிவு உள்ளடக்கிய கல்வியை வலியுறுத்துகிறது என்பதைப் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறோம்."

சட்டத்தைக் கடைசி வரியில் வைத்ததைக் கவனியுங்கள். முதல் வரியில் வைத்தால் சண்டைக்கு வந்தது போல் இருக்கும். "நாங்களே பார்த்துக்கொள்கிறோம்" என்ற வரிதான் எங்களுக்குக் கதவைத் திறந்தது. இரண்டு நகல் எடுத்து, ஒன்றில் "பெற்றுக்கொண்டேன்" என்று தேதியுடன் கையெழுத்து வாங்குங்கள். கேட்கக் கூச்சமாக இருக்கும். "நோட்டுல ஒட்டணும் சார்" என்று சொல்லி வாங்கினோம்.

பெற்றோர் கூட்டம்

தலைமையாசிரியர் தனியாக முடிவெடுக்கத் தயங்கி, பள்ளி மேலாண்மைக் குழுவில் வைக்கிறேன் என்றார். எஸ்.எம்.சி. என்று எல்லாரும் சொல்வது. 2009 கல்வி உரிமைச் சட்டப்படி அதில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். நமக்கு அங்கே ஓட்டு கிடையாது. நமக்காகப் பேச ஒரு அம்மா வேண்டும். என் அம்மாவுக்கு மில்லில் ஷிப்ட். லீவு போட்டால் சம்பளம் போகும். கூட்டம் நடக்கும் நேரத்தில் வரக்கூடிய அம்மாக்கள் யார் என்று முந்தின வாரமே பார்த்து வீட்டுக்குப் போய்ப் பேசிவிடுங்கள். கூட்டத்தன்று காலையில் ஓடினால் யாரும் வர மாட்டார்கள். காலிப்பர் போட்ட தோழியின் அம்மாவும், ஒரு பையனின் அம்மாவும் வந்தார்கள்.

எதிர்பார்த்தபடியே ஒரு அப்பா எழுந்தார். "பொம்பளப் புள்ள சமாச்சாரத்தை ஆம்பளப் புள்ள முன்னாடி பேசுறதா? நாளைக்கு ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆனா யாரு பொறுப்பு?" எங்களிடம் புள்ளிவிவரம் தயாராக இருந்தது. அதற்கு வேலையே வரவில்லை. அந்தப் பையனின் அம்மா உட்கார்ந்த இடத்திலிருந்தே சொன்னார்: "எங்க வீட்ல கடைக்குப் போயி அந்தப் பாக்கெட்ட வாங்கிட்டு வர்றது என் மகன்தாண்ணே. பேப்பர்ல சுத்தித் தாங்கன்னு கேக்கக்கூட மாட்டான்."

கூட்டம் சிரித்தது, தீர்மானம் ஏறியது. ஆனால் அந்த அப்பா சம்மதிக்கவில்லை. தன் மகனை அன்றைக்கு லீவு எடுக்கவைத்தார். விட்டுவிட்டோம். அந்தப் பையன் மறுநாள் வாய்ஸ் நோட்டை யாரிடமோ வாங்கிக் கேட்டுவிட்டான் என்பது தனிக்கதை.

அந்த வகுப்பு

முதல் அரைமணி எல்லாரும் சேர்ந்து: உடம்பு எப்படி மாறுகிறது, ரத்தசோகை, மாத்திரை, சாப்பாடு. அடுத்த அரைமணி பிரிந்து கேள்விகள். ஒட்டுமொத்தமாகச் சேர்ந்தே நடத்த வேண்டும் என்று எங்களில் ஒருத்தி அடம்பிடித்தாள். நான் ஒத்துக்கொள்ளவில்லை. பக்கத்தில் பசங்க இருந்தால் வாயே திறக்காத பிள்ளைகள் இருக்கிறார்கள், அவர்களையும் கணக்கில் எடுக்க வேண்டும். பசங்களின் கேள்விகளுக்குப் பதில் சொல்ல ஒரு ஆண் சுகாதார ஆய்வாளரை நர்ஸ் அக்காவே அழைத்து வந்தார். ராத்திரி தூக்கத்தில் வருவது நோயில்லை, அந்த வயதில் இயல்பு என்று அவர் சொன்னபோது அறைக்குள் ஒரு பெருமூச்சே கேட்டதாம்.

சொற்களைப் பற்றி ஒன்று. "தீட்டுன்னு சொல்லாதே, தப்பு" என்று ஆரம்பித்தால், வீட்டில் அப்பத்தா சொல்லும் சொல்லோடு வந்த பிள்ளை வாயை மூடிக்கொள்ளும். நாங்கள் போர்டில் தூரம், வீட்டுக்கு விலக்கு, பீரியட்ஸ் என்று எல்லாவற்றையும் எழுதி, நடுவில் மாதவிடாய் என்று எழுதினோம். நர்ஸ் அக்கா எல்லாச் சொல்லையும் ஒருமுறை வாய்விட்டுப் படித்தார். சிரிப்பு ஓய்ந்த பிறகு பாடம் தொடங்கியது.

வகுப்பு முடிந்ததும் என் தோழி நோட்டை நீட்டவில்லை. சைகை டீச்சரோடு மூலையில் பத்து நிமிடம் என்று கேட்டவள் அரைமணி பேசினாள். என்ன பேசினாள் என்று நான் கேட்கவில்லை.

கிடைக்காததைத் தொடர்வது

கழிப்பறைத் தண்ணீர் பள்ளிக்குள் தீரவில்லை. குழாய் ஊராட்சியின் குழாய். தமிழ்நாட்டில் கிராம சபை வருடத்துக்கு ஆறு நாள்: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. வாக்காளர் பட்டியலில் இருப்பவர்கள்தான் அதன் உறுப்பினர்கள். ஆகவே மறுபடியும் அம்மாக்கள். எந்த நாளில் தண்ணீர் வரவில்லை என்று எங்கள் நோட்டில் இருந்த தேதிகளை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தோம். ஒன்றே ஒன்றில் கறாராக இருங்கள்: வருகைப் பதிவில் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்துவிடாமல், தீர்மானம் நோட்டில் ஏறியதை ஒருவர் வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். ஏறாத தீர்மானம் டீ குடித்த கதைதான்.

தகவல் அறியும் உரிமைச் சட்டம் பற்றி எல்லாரும் கேட்கிறார்கள். 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி அனுப்பலாம். 30 நாளில் பதில் வர வேண்டும். சட்டத்தில் வயது வரம்பு எதுவும் சொல்லப்படவில்லை. 2012-இல் லக்னோவில் ஒரு பள்ளிச் சிறுமி, காந்திக்கு 'தேசத் தந்தை' பட்டம் கொடுத்த உத்தரவு எங்கே என்று இந்தச் சட்டத்தில் கேட்டுப் பிரதமர் அலுவலகத்தையே தேடவைத்தாள். "ஏன் தரவில்லை?" என்று கேட்டால் பதில் வராது, காகிதத்தில் இருப்பதைத்தான் தருவார்கள். "சென்ற கல்வியாண்டில் எங்கள் பள்ளிக்கு வழங்கிய நாப்கின் பாக்கெட் எத்தனை, எந்தத் தேதிகளில்?" என்று கேளுங்கள். ஆனால் என் கருத்து, பள்ளியோடு பேச்சு நடக்கும்போது இதை எடுக்காதீர்கள். படிக்கிற பிள்ளைக்குச் செய்முறைத் தேர்வு மதிப்பெண் என்று ஒன்று இருக்கிறது. அவசியம் என்றால் வெளியில் இருக்கும் அண்ணனோ அக்காவோ அனுப்பட்டும். நாங்கள் அனுப்பவே இல்லை. நர்ஸ் அக்காவிடம் அந்தக் கணக்கைக் கேட்டதும் அடுத்த மாதம் பாக்கெட்டுகள் வந்துவிட்டன.

பன்னிரண்டாவதில் ஆளுக்கொரு வேலையைக் கீழ் வகுப்புக்கு ஒப்படைத்துவிடுங்கள். தேர்வு நெருங்கினால் எதுவும் நடக்காது. நோட்டு, மனு நகல், வட்டார வள மையம், ஆரம்ப சுகாதார நிலையம் இரண்டின் போன் எண், எந்த அம்மா எந்த நேரத்தில் வீட்டில் இருப்பார் என்ற பட்டியல் — இவ்வளவுதான் சொத்து. 17 வயது முடிந்தவர்கள் வாக்காளர் பட்டியலுக்குப் படிவம் 6-ஐ முன்கூட்டியே கொடுக்கலாம் என்பதையும் நோட்டின் பின்அட்டையில் எழுதிவைத்தோம். அடுத்த கிராம சபைக்கு அம்மாக்களைக் கெஞ்ச வேண்டாமே.

சாய்தளம் மட்டும் பாக்கி. கட்டினார்கள், ஆனால் தப்பாக. ஒரு அடி உயரத்துக்கு 12 அடி நீளம் என்பது விதி. எங்கள் வராண்டா ஒன்றரை அடி. 18 அடி வேண்டும். கட்டியது ஏழு அடி. காலிப்பர் போட்ட தோழி மேலே நின்று பார்த்து, "இது சாய்தளமா, சறுக்குமரமா?" என்றாள். நோட்டை வாங்கிக்கொண்ட ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை அந்தப் பக்கத்தைப் படித்துவிட்டு என்னிடம் கேட்ட முதல் கேள்வி: "அக்கா, இன்ச் டேப் யார்ட்ட இருக்கு?"